வேலைக்கு வேண்டாத தகுதிகள்

(எரியோட்டில் படித்த, படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் செபஸ்டியன் ராமிரஸ் என்கிற மென்பொருள் பொறியாளர் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். 'ஃபாஸ்ட் ஏபிஐ' என்ற மென்பொருள் கருவியை உருவாக்கியவர் அவர். ஒரு வேலை விளம்பரத்தில் அந்தக் கருவியில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்களாம். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதாவது, அந்தக் கருவியைப் பெற்றவருக்கே அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. உலகம் முழுக்க இருக்கும் கணினிப் பொறியாளர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்படிப்பட்ட விளம்பரம் எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆள் வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்வார். மனிதவளத் துறை போன ஆண்டு விளம்பரத்தை எடுத்து வைக்கும். அதில் மேலாளர் இரண்டு வரி சேர்ப்பார். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி இன்னும் இரண்டு வரி சேர்க்கும். யாரும் எதையும் அடிப்பதில்லை. ஐந்து ஆண்டில் அது பதினைந்து வரி ஆகிவிடும். அந்தப் பதினைந்தில் எது வேலைக்குத் தேவை, எது தேவையில்லை என்று எழுதியவருக்கே தெரியாது.

இது வெறும் மடத்தனம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மடத்தனம் எல்லோரையும் சமமாகத்தான் அடிக்கும். ராமிரஸையே வெளியே நிறுத்தியது பாருங்கள். ஆனால் வேலைக்குத் தேவையில்லாத எல்லா வரியும் எல்லோரையும் சமமாக அடிப்பதில்லை. சில வரிகள் குறிப்பிட்ட சிலரை மட்டுமே, ஒவ்வொரு முறையும், தவறாமல் வெளியே நிறுத்துகின்றன. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வரிகளைப் பற்றி.

மருத்துவம் படிக்க சமஸ்கிருதம் எதற்கு என்ற கேள்வியை நம் மேடைகளில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதனால் வேறு இரண்டு பழைய கதைகளைச் சொல்கிறேன்.

முதல் கதை ஐ.சி.எஸ். வெள்ளையர் ஆட்சியின் உச்சப் பதவிகளுக்கான தேர்வு. அது இலண்டனில் மட்டும் நடந்தது. 1870களின் கடைசியில் அதற்கான வயது வரம்பை 21இலிருந்து 19 ஆகக் குறைத்தார்கள். கப்பல் ஏறி, அந்நிய மொழியில் படித்து, 19 வயதுக்குள் தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினாலும் குதிரை ஓட்டிக் காட்ட வேண்டும். அரவிந்தர் எழுத்துத் தேர்வில் தேறியவர், குதிரையேற்றத் தேர்வில் தேறாததால் பதவி கிடைக்காமல் போனார். வயது வரம்பைக் குறைத்ததை எதிர்த்து சுரேந்திரநாத் பானர்ஜி நாடு முழுக்கச் சுற்றிக் கூட்டம் போட்டார். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்பது காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை. 1922இல்தான் அது நடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நிபந்தனைகள் அநியாயம் என்று அன்றைக்குப் பேசியவர்களில் பெரும்பாலோர் படித்த உயர்சாதியினர். அவர்கள் பேசியது நியாயம்தான். நிர்வாகம் செய்யக் குதிரை எதற்கு, இலண்டன் எதற்கு என்று கேட்டது சரியான கேள்வி. எழுதப்பட்ட தகுதி வேறு, வேலைக்கு வேண்டிய தகுதி வேறு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதே கேள்வியை 1920களில் சென்னை மாகாணத்தில் பார்ப்பனரல்லாதவர்கள் கேட்டபோதும், அதன் பிறகு தாழ்த்தப்பட்ட மக்கள் கேட்டபோதும் மட்டும் தகுதி போச்சு, திறமை போச்சு என்று குரல் எழுந்தது. தனக்கு எதிராக நிற்கும்போது அது நிபந்தனை, அடுத்தவனுக்கு எதிராக நிற்கும்போது அது தகுதி.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நாம் மில் சூழ்ந்த ஊர்க்காரர்கள். வேடசந்தூர் பக்கம் போனாலும் திண்டுக்கல் பக்கம் போனாலும் நூற்பாலையைத் தாண்டாமல் போக முடியாது. சின்னாளப்பட்டியில் தறி பார்த்தவர்களுக்கு நாடா தெரியும், தார் தெரியும். நூறு ஆண்டுக்கு முந்தைய பம்பாய் பஞ்சாலைகளில் தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது, நூல் முனையை நாடாவின் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். நெசவாளர் நாடாவில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுப்பார். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைப்பார். 'தீண்டத்தகாதவர்' வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். தலித்துகளுக்கு நெசவுப் பிரிவில் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில். தலித்துகளுக்குக் கிடைத்தது கூலி குறைந்த நூற்புப் பிரிவு.

1928இல் பம்பாயில் பெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். முதலாளியிடம் உரிமை கேட்கிறீர்களே, நெசவுப் பிரிவுக் கதவை எங்களுக்குச் சாத்தி வைத்திருக்கிறீர்களே, அதையும் கோரிக்கையில் சேருங்கள் என்றார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அவர் 1936இல் எழுதினார். அது ஏதோ தத்துவமாக வானத்திலிருந்து வந்ததல்ல. நாடாவைச் சுற்றி நடந்ததையும் பார்த்தவர் அவர்.

இந்த நாடா விவகாரத்தில் ஒரு பொறியியல் பாடம் இருக்கிறது. வாய் வைத்து உறிஞ்சுவது காசநோயைப் பரப்பும் கெட்ட பழக்கம். கையால் நூல் கோக்கும் நாடா அப்போதே உலகத்தில் இருந்தது. தலித் உள்ளே வராமல் இருக்கச் சொன்ன காரணம், ஒரு சின்னக் கருவியை மாற்றினால் காணாமல் போயிருக்கும் காரணம். வேலைக்கு வேண்டாத தகுதிகள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றைப் பார்த்தால் தொழில்நுட்பக் காரணம் மாதிரியே தெரியும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் பொறியியல் படித்தவர்கள். கல்லூரி வளாகத் தேர்வில் முதல் நாள் நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டியிருக்கும்? பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு, பட்டப்படிப்பில் 60 விழுக்காடு. அரியர் இருக்கக் கூடாது. படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. சில இடங்களில் சரளமான ஆங்கிலம். சில இடங்களில் சொந்த வண்டி.

கம்ப்யூட்டர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் மதிப்பெண் எதற்கு? யோசித்துப் பாருங்கள். என்னோடு படித்த ஒரு நண்பன், அம்மாவும் அப்பாவும் கூலி வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும்போதே விடுமுறைக்கு மில்லுக்குப் போனவன். பத்தாம் வகுப்பில் 57 விழுக்காடு. கல்லூரியில் 'சி' மொழியில் பாயிண்டர் புரியாமல் நாங்கள் தவித்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். வளாகத் தேர்வு நடந்த நாளில் அவனிடம் பாடம் கேட்ட நாங்கள் உள்ளே போனோம், அவன் வாசலோடு திரும்பினான். அவன் நிரல் எழுதிய லட்சணத்தை யாரும் பார்க்கவே இல்லை. பதினைந்து வயதில் அவன் வீட்டில் கரண்ட் இருந்ததா, டியூஷன் இருந்ததா என்பதைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பெயர் மட்டும் தகுதி.

படிப்பில் இடைவெளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு இடைவெளி விழுகிறது? கட்டணம் கட்ட முடியாமல் ஓராண்டு வேலைக்குப் போனவருக்கு. அப்பா படுத்துவிட்டதால் வீட்டைத் தாங்கியவருக்கு. வசதியுள்ள வீட்டுப் பையன் ஓராண்டு சும்மா இருந்தால் அதற்கு 'நுழைவுத் தேர்வுக்குத் தயாரிப்பு' என்று பெயர். நம் பையன் மில்லில் ஓராண்டு இரவு ஷிப்ட் பார்த்தால் அதற்கு 'கேப்' என்று பெயர்.

ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், எப்படியாவது குறைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். குறைக்கத்தான் வேண்டும். வேலையை வைத்துக் குறையுங்கள். ஒரு மணி நேரம் ஒரு கணக்கைக் கொடுத்து நிரல் எழுதச் சொல்லுங்கள். அதில் தேறாதவர் போகட்டும். குறைப்பதற்குச் சுலபம் என்பதற்காகப் பதினைந்து வயதின் வறுமையை அளவுகோலாக வைப்பதைத்தான் கேட்கிறோம்.

அடுத்தது நேர்காணல் அறை. அங்கே விளம்பரத்தில் எழுதாத தகுதிகள் வெளியே வரும். 'சொந்த ஊர் எது?' எரியோடு என்று சொன்னேன். 'எரியோட்டில் எந்தப் பக்கம்?' என்றார். அதுவரை டேட்டாபேஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். 'அப்பா என்ன செய்கிறார்?' என்று அடுத்த கேள்வி. ஊரின் பக்கத்தைச் சொன்னால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் எல்லாம் தெரியும். நான் அப்போது என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமில்லை. டேட்டாபேஸ் அனுபவத்தை அளக்க என் தெரு எதற்கு என்பதுதான் முக்கியம்.

இது என் ஒருவனுடைய மனக்குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியை ஒட்டிய பகுதிகளில் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது வழக்கம் என்றும், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாக வேலை செய்வார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி சமம், அனுபவம் சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எழுதியிருந்த எல்லாத் தகுதியும் இருந்தும் இந்த நிலை. அப்படியானால் எழுதாத ஒரு தகுதி அந்த விளம்பரங்களில் இருந்தது என்றுதானே பொருள்?

சில நேரம் அந்த எழுதாத வரியை எழுதியும் விடுவார்கள். 2019 நவம்பரில் ரயில்களில் உணவு வழங்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று மேலாளர் வேலைகளுக்கு 100 பேர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. அகர்வால் வைசிய சமூகத்தைச் சேர்ந்த ஆண்களாக இருக்க வேண்டும், நல்ல குடும்பப் பின்னணி வேண்டும் என்று அச்சடித்தே போட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு ரயில்வே தலையிட்டது, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் செய்த குற்றம் அப்படி ஆள் எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற நிறுவனங்களின் கண்ணில் அவர்கள் செய்த தவறு, அதை எழுதிக் காட்டியதுதான்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2016இல் அகமதாபாத்தில் ஒரு தொண்டு நிறுவனம் துப்புரவுப் பணிக்கு ஆள் கேட்டு, பொதுப் பிரிவினருக்கு, உயர்சாதியினருக்கு முன்னுரிமை என்று விளம்பரம் கொடுத்தது. சாதி அமைப்புகள் கொதித்து எழுந்தன. எங்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்றன. துப்புரவு வேலையில் காலம் காலமாக ஒரே சாதியினர் இருப்பது யாரையும் கொதிக்க வைக்கவில்லை. அதற்கு விளம்பரத்தில் வரியே தேவைப்படுவதில்லை. இங்கே நம் மாநிலத்தில் 2019இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது ஏறத்தாழ 7,000 பேர் வந்தார்கள், பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். பொறியியல் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்?

பெண் தோழர்களுக்கு இது புதிதல்ல. 1974இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேலைக்குக் கொடுத்த விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்டித்து சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சல் அட்டை எழுதினார், பிறகு அவருக்கே வேலை கிடைத்தது என்ற கதை பாடப்புத்தகம் வரை போய்விட்டது. இங்கே நம் ஊர்ச் சுவர்களில் மில்லுக்குப் பெண்கள் தேவை என்ற நோட்டீஸ்களைப் பார்க்கிறோம். வயது 18 முதல் 25, திருமணம் ஆகாதவர், விடுதியில் தங்க வேண்டும். நூல் ஓட்டுவதற்குத் தாலி எந்த வகையில் தடை? திருமணமாகாத, ஊரை விட்டு விடுதியில் அடைந்து கிடக்கிற, கேள்வி கேட்க ஆள் இல்லாத பெண் வேண்டும் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி 2024 ஜூனில் உலகம் முழுக்க வெளிவந்தது. அதன் பிறகு, வயது, பாலினம், திருமணம் பற்றிய வரிகளை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு அந்த நிறுவனம் உத்தரவிட்டதாகவும் செய்தி வந்தது. வரி போனது நல்லது. வரியோடு வழக்கமும் போனதா என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான். தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. அவை குற்றவியல் சட்டங்கள். சாதியைக் காரணமாக வைத்து ஒருவர் ஒன்றைச் செய்தார் என்று காட்ட வேண்டும். 'பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு' என்ற வரியை அவற்றால் தொட முடியாது. அந்த வரியில் சாதி என்ற சொல்லே இல்லையே.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலை ஒரு வழக்கு தொட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம். அதன் ஒரு மின் நிலையத்தில் 95 தொழிலாளர்கள், அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவர் அனைவருக்கும் உடலுழைப்புப் பிரிவு மட்டும். அந்தப் பிரிவின் அதிகபட்சக் கூலி, மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. பம்பாய் ஆலையின் நெசவுப் பிரிவு நினைவுக்கு வருகிறதா? நிறத்தைப் பார்த்து வேலை தரக் கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் அந்த நிறுவனம் புதிய நிபந்தனை போட்டது. உடலுழைப்பு தவிர மற்றப் பிரிவுகளில் சேர, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். நிறம் என்ற சொல் எங்கும் இல்லை. அந்த மாநிலத்தில் வெள்ளை ஆண்களில் 34 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள், கறுப்பின ஆண்களில் 12 விழுக்காட்டினர்.

1971 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உள்நோக்கம் இருந்ததா என்பது கேள்வியில்லை. ஒரு நிபந்தனை ஒரு பிரிவினரை வெளியே தள்ளுகிறது என்றால், அது அந்த வேலையைச் செய்யத் தேவை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழும் தேர்வும் இல்லாமல் முன்பே சேர்ந்தவர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சுட்டிக்காட்டியது. நம் உச்சநீதிமன்றமும் 2021 மார்ச்சில், இராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசி, மறைமுகப் பாகுபாடும் பாகுபாடே என்று ஏற்றது. ஆனால் அது அரசை எதிர்த்த வழக்கு. தனியார் நிறுவனத்தின் வாசலில் நிற்கும் நம் பையனுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

அதனால் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை, அதில் மாற்றம் இல்லை. அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு தகுதி வரியும் வேலைக்கு ஏன் தேவை என்று நிறுவனம் காரணம் சொல்லியாக வேண்டும், சொல்ல முடியாத வரி செல்லாது என்று சட்டம் வேண்டும். இடஒதுக்கீடு வந்தாலும் இது தேவைப்படும். 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று பணியிடங்களைக் காலியாக வைக்கும் தந்திரத்தை அரசுத் துறையிலேயே பார்த்திருக்கிறோம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் தோழர்களுக்கு: பத்து வரியில் ஏழு இருந்தாலே விண்ணப்பம் போடுங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஐந்து இருந்தாலே போடுகிறார்கள். நாம்தான் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறோம். சாதி, மதம், திருமணம், 'நல்ல குடும்பம்', 'சைவம் மட்டும்' என்று கேட்கும் விளம்பரம் கண்ணில் பட்டால் படம் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். பேசும்போது நமக்குச் சான்று வேண்டும்.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்களுக்கு: ஆள் எடுக்கும் இடத்துக்கு நீங்களும் வருவீர்கள். எனக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது பழைய விளம்பரத்தில் 11 வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இது இல்லாதவர் வேலையில் எந்த இடத்தில் தடுமாறுவார்? நான்கு வரிக்குத்தான் பதில் கிடைத்தது. மற்ற ஏழையும் எடுத்தோம். விண்ணப்பம் கூடியது, ஒரு மணி நேரத் தேர்வு வைத்துக் குறைத்தோம். அந்த முறை வந்த மூவரில் ஒருவருக்குப் படிப்பில் இரண்டு ஆண்டு இடைவெளி. அந்த இரண்டு ஆண்டும் அவர் செல்போன் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு எங்கள் குழுவில் நள்ளிரவில் சர்வர் நின்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறோம்.

இங்கே இறுதியாண்டு படிக்கும் தோழர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் விளம்பரங்களைக் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.